சுற்றுலா வந்த இடத்தில் களை பிடுங்குவது

மொரீஷியஸுக்கு டிக்கெட் போட்டவுடன் ஊர்க்காரர்கள் எனக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளில் இப்போது ஒரு புது ரகம் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் எந்த பீச் நன்றாக இருக்கும், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்பார்கள். இப்போது, "அக்கா, ஒரு வாரம் இருக்கோம். ரெண்டு நாள் ஏதாவது சுற்றுச்சூழல் வேலை செய்ய முடியுமா? ஆமை, டால்பின், பவளப்பாறை மாதிரி?" என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆமையும் கிடையாது, டால்பினும் கிடையாது, கொய்யாச் செடி பிடுங்கத் தயாரா என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். மீதிப் பேருக்காக இதை எழுதுகிறேன்.

நான் கடலூர்ப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து, எபேனில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், வீடு காத்ர் போர்னில். சுற்றுச்சூழல் நிபுணர் எல்லாம் இல்லை. மேல்மாடியில் இருக்கும் மொரீஷியஸ் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர், காட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைத் 'தொந்தோன்' என்று கூப்பிடும், வயதானவர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நான் மட்டும் மாமா என்பேன். அவருக்குத் தெரிந்தது கோயில் தமிழ், வீட்டில் பேசுவது இங்குள்ள கிரியோல் மொழிதான். தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுக்கிற மனிதர், விடுமுறை நாள்களில் கையில் ஒரு சின்ன அரிவாளோடு காட்டுக்குக் கிளம்பிவிடுவார். அவர் பின்னால் போய்த்தான் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது.

பறவையைத் தொட்டு வேலை செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஏன் இடமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவில்தான் டோடோ அழிந்தது, கடைசியாகப் பார்த்ததாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆண்டு 1662. அதே பாதையில் மற்றவையும் போய்க்கொண்டிருந்தன. மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறு 1974இல் காட்டில் நாலே நாலுதான் கண்ணில் பட்டது. இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் சுமார் பத்தாகக் குறைந்துவிட்டது. 1979இல் இங்கே வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும், 1984இல் தொடங்கிய மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷனும் முட்டையை எடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சை வளர்த்து, காட்டில் விட்டு, விட்ட பிறகும் தீனி வைத்து அவற்றை மீட்டார்கள். இன்று அந்தப் புறா நூற்றுக்கணக்கில் இருக்கிறது. இந்தத் தீவுக்கே உரிய எக்கோ கிளியும் அப்படித்தான் மீண்டது. பிறகு 2000களின் நடுவில் அலகையும் இறகையும் தாக்கும் வைரஸ் நோய் அதற்குள் பரவியது. இவ்வளவு பாடுபட்டு மீட்டதை, போன வாரம் வேறொரு நாட்டில் கோழிப் பண்ணைக்குப் போய் வந்தவர் கையில் யார் கொடுப்பார்கள்? பறவை வேலைக்கு மாதக்கணக்கில் தங்கிப் பயிற்சி எடுப்பவர்கள் வேண்டும். ஒரு வாரக்காரருக்கு அது இல்லை என்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

டால்பின் விஷயம் இன்னும் மோசம். தமரின் விரிகுடாவில் விடியற்காலையில் டால்பின்கள் ஓய்வெடுக்க வரும், அவற்றைச் சுற்றி விசைப்படகுகள் வளைக்கும், நடுவில் ஆட்களை இறக்கிவிடுவார்கள். அதைப் 'பாதுகாப்புப் பயணம்' என்று எழுதி விற்கிறவர்களும் உண்டு. உங்கள் விருப்பம், ஆனால் என்னிடம் அதற்கு நம்பர் கேட்காதீர்கள்.

சரி, கொய்யாவுக்கு வருவோம்.

சீனக் கொய்யா என்று இங்கே சொல்வது உண்மையில் பிரேசிலிலிருந்து வந்தது. நம் ஊர்க் கொய்யா மாதிரி பெரிதல்ல. நாவல்பழம் அளவுக்குச் சிவப்பாக, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். பழக் காலத்தில் ப்ளேன் ஷாம்பாஞ் மேட்டில் சாலையோரமெல்லாம் கார் நிற்கும். குடும்பம் குடும்பமாகப் பறித்து, உப்பும் மிளகாயும் போட்டுச் சாப்பிடுவார்கள். நானும்தான். அதே கொய்யாதான் இந்தக் காட்டின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. குரங்கும் காட்டுப்பன்றியும் பறவையும் பழத்தைத் தின்று விதையை எங்கும் போடும். முளைத்த இடத்தில் ஆள் நுழைய முடியாத புதர், அதன் நிழலில் வேறு எதுவும் எழுந்திருக்காது. தீவில் ஓரளவு கெடாமல் எஞ்சியிருக்கும் இயற்கைக் காடு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. 1994இல் பிளாக் ரிவர் கோர்ஜஸை தேசியப் பூங்கா ஆக்கினார்கள், உள்ளே சில பகுதிகளுக்கு மானும் பன்றியும் வராமல் வேலி போட்டு, அந்நியச் செடிகளைப் பிடுங்கிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். அப்படிச் சுத்தம் செய்த இடத்தில் மறுபடி முளைப்பதைப் பிடுங்குவதற்குத்தான் ஆள் போதவே போதாது. பூங்காவுக்கு வெளியே தனியார் நிலங்களில் காட்டை மீட்கும் குழுக்களுக்கும் இதே நிலைதான். ஒரு நாள், இரண்டு நாள் இருக்கிறவரால் உருப்படியாகச் செய்ய முடிந்த வேலை இது.

என் தம்பி குடும்பம் வந்தபோது அப்படி ஒரு தனியார் இடத்தில்தான் ஏற்பாடு செய்தேன். தென்மேற்கில், ஷமரேல் பக்கம். சின்னக் குழு, நாலைந்து பேர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள், கடிதம் குவிந்தால் பதில் போட ஆளில்லை, அதனால் பெயர் வேண்டாம். நான் முதலில் அனுப்பிய மின்னஞ்சல் வழக்கமானதுதான்: இந்தியாவிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள், இயற்கையில் ஆர்வம் உள்ளவர்கள், உதவ விரும்புகிறார்கள். பதிலே வரவில்லை. மாமா படித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஆள் எங்கே?" என்றார். அவர் சொன்னபடி மாற்றி எழுதினேன். எந்தத் தேதியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் வயது என்ன, மலையேற முடியுமா, முட்டி வலி உண்டா, எப்படி வந்து சேருவார்கள், சாப்பாடு யார் பொறுப்பு, காப்பீடு இருக்கிறதா, கையில் என்ன தொழில் இருக்கிறது. கடைசி வரியில், தம்பி மோட்டார் மெக்கானிக், பம்ப்செட் ரிப்பேர் செய்வான், அவன் மனைவி தையல் தெரிந்தவள், தோட்ட வேலையும் பழக்கம் என்று சேர்த்தேன். மறுநாளே பதில் வந்தது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தம்பி எந்த மாதிரி பம்ப் பார்ப்பார்?

அங்கே நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொஞ்ச நாளாகவே தகராறு செய்துகொண்டிருந்தது. தினமும் காலையில் யாராவது ஒரு வாளித் தண்ணீரைக் குழாயில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, அப்புறம்தான் ஓட்ட வேண்டும். மெக்கானிக்கை வரவழைக்க மலைக்கு மேல் வரும் கூலியே கட்டுப்படியாகவில்லையாம். தம்பி போய்ப் பார்த்தான், சுவிட்சைப் போட்டு அணைத்தான், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "அக்கா, மோட்டார்ல ஒண்ணும் இல்ல. ஃபுட் வால்வு நிக்கல" என்றான். குழாயைத் தூக்கி, தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் அந்த அடி வால்வைக் கழற்றினால், உள்ளே ரப்பர் வாஷர் நைந்து, அதில் ஒரு குச்சி வேறு சிக்கியிருந்தது. பழைய லாரி டியூப் ஒரு துண்டு கிடைத்தது. கத்தரியால் வட்டமாக வெட்டி, ஓட்டை போட்டு, பூட்டி, ஒரு சல்லடைத் துணியைச் சுற்றிக் கட்டினான். சுவிட்ச் போட்டதும் தண்ணீர் வந்தது. கடலூர், பண்ருட்டிப் பக்கம் போர்செட்டுக்கு முந்தைய காலத்தில் விவசாயி வீட்டுப் பையன் எவனும் செய்கிற வேலைதான். அங்கிருந்த பெண் ஒருத்தி இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவன் வெட்கத்தில் என்னைப் பார்த்தான்.

இதைத்தான் எல்லோரிடமும் சொல்வேன். ஆர்வம் இருக்கிறது என்று எழுதாதீர்கள், எழுதுகிற எல்லோருக்கும் அது இருக்கும். என்ன தெரியும் என்று எழுதுங்கள். தச்சு வேலை, வெல்டிங், வயரிங், தையல், எக்ஸெல், படம் வரைவது, நர்ஸ் வேலை, பத்துப் பேருக்குச் சமைப்பது, எதுவானாலும் சரி. காட்டை மீட்கும் குழுக்களில் தாவரவியல் படித்தவர்கள் இருப்பார்கள், குழாய் ஒழுகினால் அடைக்கத்தான் ஆள் இருக்காது. எதுவும் தெரியாது என்றாலும் பரவாயில்லை. சொன்னதைச் செய்வேன், சொல்லாததைச் செய்ய மாட்டேன் என்று இருக்கிறவருக்கும் வேலை உண்டு.

தம்பி பையனுக்கு அந்த இரண்டாவது வகை. அப்போதுதான் பத்தாவது எழுதியிருந்தான். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்பதால் பெற்றோர் கையெழுத்துப் போட்ட படிவம் கேட்டார்கள், கூடவே ஒரு பெரியவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். சில இடங்களில் இந்த வயதுக்காரர்களை எடுப்பதே இல்லை. பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். வந்து இறங்கியபின் பிள்ளையை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போக முடியாது.

களை பிடுங்குவது பார்க்கத்தான் லேசு. இந்தத் தீவுக்கே உரிய மரங்களில் நாவல் குடும்பத்தைச் சேர்ந்தவை நிறைய உண்டு. கொய்யாவும் அதே குடும்பம்தான். விரல் நீளத்துக்கு இருக்கும்போது இரண்டின் இலையும் எதிரெதிராக, பளபளவென்று, ஒரே மாதிரி தெரியும். ஒன்று பிடுங்க வேண்டியது, இன்னொன்று உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. அந்தப் பெண் முதல் அரை மணி நேரம் எங்களைப் பிடுங்கவே விடவில்லை. வெறுமனே காட்டச் சொன்னாள். இலையைக் கசக்கி மோந்து பார், தண்டின் தோலைப் பார், கொஞ்சம் முற்றிய கொய்யா என்றால் செம்பழுப்பாக வழவழவென்று உரிந்திருக்கும். சுதேசிக் கன்றுகள் தெரிந்த இடத்தில் நீல ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பன் இல்லாமல், கொய்யாவா என்று சந்தேகமும் இருந்தால், அப்படியே விட்டுவிட்டுக் கூப்பிட வேண்டும். பையன் முதலில் நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டான், அவள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. மதியத்துக்குள் அவன் கூப்பிடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

வேரோடு வர வேண்டும், பாதியில் அறுந்தால் அடியிலிருந்து இரண்டாகத் துளிர்க்கும். மழைக்கு மறுநாள் என்றால் மண் இளகி, சுலபமாக வரும். பிடுங்கியதை ஈர மண்ணில் போட்டுவிட்டு நகரக் கூடாது, மறுபடி வேர் பிடித்துவிடும். கிளைகளின் கவட்டையில் வேர் மேலே தெரியும்படி தொங்கவிட வேண்டும். கட்டை விரல் தடிமனுக்கு மேலே போனால் நம் வேலை இல்லை, அதை வெட்டி மருந்து தடவுவது பயிற்சி பெற்றவர்கள் பாடு. புதருக்குள் கை விடுமுன் குச்சியால் தட்டிப் பார்ப்பது நல்லது. பாம்புக்கு இங்கே பயமில்லை, குளவிக் கூட்டுக்குத்தான் பயம். முழுக்கைச் சட்டை, கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, தொப்பி. டெட்டனஸுக்கான டி.டி. ஊசி ஊரிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள்.

தம்பி மனைவி நாற்றங்காலில் உட்கார்ந்து பைகளில் மண் நிரப்பினாள். கருங்காலிக் கன்றுகள் வரிசையாக இருந்தன. ஊரில் கருங்காலி மாலை இப்போது எப்படி விற்கிறது என்று அவளுக்குத் தெரியும், "அண்ணி, இதுவா அது!" என்று ஒரு கன்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். இது அதற்குச் சொந்தக்கார மரம், மொரீஷியஸுக்கே உரியது. 1638இல் குடியேறிய டச்சுக்காரர்கள் வெட்டி ஏற்றுமதி செய்ததில் தொடங்கியது இதன் அழிவு. மெதுவாக வளரும் மரம். அந்தக் கன்று வைரம் பாய்ந்த மரமாக நிற்கும்போது நாம் யாரும் இருக்க மாட்டோம் என்று நான் சொன்னதும், "அதுக்கென்ன, பனை விதைக்கிறவன் பார்த்தா விதைக்கிறான்?" என்று சொல்லிவிட்டு அடுத்த பையை எடுத்தாள்.

இனி காசு விஷயம். அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவரின் சிநேகிதி ஒருத்தி கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். இணையத்தில் ஒரு ஏஜென்சிக்குப் பெரிய தொகை கட்டி, 'கடற்கரைப் பாதுகாப்பு' என்று இரண்டு வாரம். தினமும் காலையில் ஹோட்டல்களுக்கு முன்னால் ஒதுங்கிக் கிடக்கும் கடற்பாசியை வாரிக் குவிக்கச் சொன்னார்களாம். அது ஹோட்டல் தோட்டக்காரர் செய்கிற வேலை. தவிர, கரையில் ஒதுங்கும் பாசிதான் மணலைப் பிடித்து வைக்கிறது, சின்ன உயிர்களுக்கு இரையும் ஆகிறது. அதை வாரி எடுப்பது எந்தக் கணக்கிலும் பாதுகாப்பு ஆகாது. அவள் கட்டிய பணத்தில் தீவுக்குள் எவ்வளவு வந்தது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

காசு கேட்டாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. தங்க இடம், சாப்பாடு, வண்டி, மேற்பார்வைக்கு ஒரு ஆளின் நேரம், இதற்கெல்லாம் செலவு உண்டு, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொடுக்குமுன் கேளுங்கள். இந்தத் தொகையில் எது எதற்குப் போகிறது? வேலை நடக்கும் நிலம் யாருடையது, அனுமதி யாருடையது? எங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யார், அவர் சம்பளத்துக்கு இருப்பவரா, அவரும் எங்களைப் போல் பணம் கட்டி வந்தவரா? நாங்கள் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு "யாருமே செய்ய மாட்டார்கள், உங்களை நம்பித்தான் இருக்கிறோம்" என்று பதில் வந்தால் நான் தயங்குவேன். உள்ளூர் ஆட்கள் ஆண்டு முழுக்கச் செய்கிற வேலையில் நாம் போய்க் கைகொடுப்பதுதான் சரி.

2020இல் இதைக் கண்ணால் பார்த்தேன். வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் ஜூலை 25 அன்று பாயிண்ட் டெஸ்னிக்கு எதிரே பவளத்திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்து, சுமார் ஆயிரம் டன் கடலில் கலந்தது. கொரோனா காலம், எல்லை மூடியிருந்தது, வெளிநாட்டிலிருந்து தன்னார்வலர்கள் யாரும் வர வழியில்லை. தீவு ஜனம்தான் மஹேபூர் கரையில் குவிந்தது. சாக்கிலும் வலைத்துணியிலும் கரும்புத் தோகையை அடைத்து, உருளையாகத் தைத்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி, எண்ணெயைத் தடுக்கும் மிதவை செய்தார்கள். தோகை உரித்துப் பழகிய கை என்பதால் நானும் மாமாவும் திணிக்கிற வரிசையில் இருந்தோம். தோகை கையைக் கிழிக்கும், எண்ணெய் நாற்றம் தலையைப் பிடிக்கும். தண்ணீரில் இறங்கி எண்ணெயை வழித்தவர்கள் பாடு தனி. பாதுகாப்பு உடை இல்லாமல் இறங்காதீர்கள் என்று ஒருவர் கத்திக்கொண்டே இருந்தார், கேட்டவர்கள் கொஞ்சம்தான். பயணியாக இருக்கும் ஊரில் இப்படி ஒரு விபத்து நடந்தால் என்ன செய்வது என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. கரைக்குப் பின்னால் நின்று தையுங்கள், சாப்பாடு கட்டுங்கள், சாமான் தூக்குங்கள். எண்ணெய்க்குள் இறங்காதீர்கள்.

அலையாத்தி நடும் நிகழ்ச்சிகள் பற்றி ஒரு வார்த்தை. பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் வாய் நீளம். மொரீஷியஸில் அலையாத்தி இரண்டே வகைதான், நம்ம பிச்சாவரத்துச் சுரபுன்னையும் அதில் ஒன்று. நீளமான நாற்றைச் சேற்றில் குத்தி நிறுத்திவிட்டுப் படம் எடுப்பது எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் கடற்புல் வளரும் இடத்தில் நட்டால் கடற்புல்லும் போகும், அலையாத்தியும் நிற்காது. ஏற்பாடு செய்பவரிடம், போன வருஷம் நட்ட இடத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் தாராளமாகச் சேற்றில் இறங்கலாம். கடலில் இறங்கும் எந்த வேலைக்கும் தடித்த அடி உள்ள ரப்பர் ஷூ வேண்டும். விஷமுள்ள கல்மீனின் முள் குத்தினால் விடுமுறை அத்தோடு சரி.

காகித வேலை. இந்திய பாஸ்போர்ட்காரர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. வந்து இறங்கும்போது திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிளம்புமுன் இணையத்தில் ஒரு பயணப் படிவம் நிரப்ப வேண்டும். சுற்றுலாவாக வந்துவிட்டுச் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. சம்பளமில்லாத தன்னார்வ வேலைக்கு உங்கள் விஷயத்தில் என்ன அனுமதி வேண்டும் என்பதை அந்த அமைப்பிடமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், டூரிஸ்ட்னு சொல்லிட்டு வந்துடுங்க" என்று வாயால் சொல்பவர்களிடம் போகாதீர்கள். ஊரில் எடுக்கும் பயணக் காப்பீடு பலவற்றில் உடலுழைப்பு வேலையில் பட்ட காயம் சேராது. வாங்கும்போதே தெளிவாகக் கேளுங்கள்.

பெட்டியில் செடி, விதை, மண் எதுவும் வேண்டாம். முருங்கை விதை, துளசிக் கன்று, கறிவேப்பிலைக் கன்று என்று பாசத்தோடு கட்டிக்கொண்டு வருவார்கள். அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே போய்விடும். கறிவேப்பிலை இங்கே வேலியோரமெல்லாம் இருக்கிறது. ஊரில் வயலில் நடந்த ஷூவையே காட்டுக்குப் போடப் போகிறீர்கள் என்றால், கிளம்புமுன் அடியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். வெல்க்ரோ பட்டையிலும் காலுறை மடிப்பிலும்தான் புல் விதை ஒட்டியிருக்கும்.

அரை நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது இல் ஓ எக்ரெத். மஹேபூருக்குப் பக்கத்தில் பாயிண்ட் ஜெரோமிலிருந்து படகில் சில நிமிஷம், 26 ஹெக்டேர் பவளக்கல் தீவு. வழிகாட்டியோடுதான் சுற்ற முடியும், டிக்கெட் காசு மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷனின் வேலைக்கே போகிறது. இளஞ்சிவப்புப் புறா தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அழிந்துபோன ஆமைகளுக்குப் பதிலாக செஷல்ஸின் அல்டாப்ரா தீவிலிருந்து வந்த இனத்து ராட்சத ஆமைகள் நடைபாதையில் குறுக்கே படுத்திருக்கும். எலியையும் பூனையையும் ஒழித்துவிட்டார்கள், மூஞ்சூறை ஒழிக்க எடுத்த முயற்சி மட்டும் பலிக்கவில்லை. பிள்ளையார் வாகனத்தை யாரால் அசைக்க முடியும் என்று மாமா சிரிப்பார். ஆமையைப் பார்க்க வேண்டும் என்கிறவர்களின் ஆசை இங்கேயே தீர்ந்துவிடும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். மூன்றாம் எண் எச்சரிக்கை ஏற்றினால் பஸ், கடை, அலுவலகம் எல்லாம் நின்றுவிடும், களப்பணியும்தான். நடவு மழைக்காலத்தில் நடக்கும், களை பிடுங்குவது ஆண்டு முழுக்க. ஜூலை, ஆகஸ்டில் மேட்டுப் பகுதியில் குளிரும் தூறலுமாக இருக்கும், தேசியப் பூங்காவின் மேட்டு வாசலான லெ பெத்ரின் போகிறவர்கள் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கங்கா தலாவ் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே பக்கத்தில் போய்விடலாம் என்று சேர்த்துத் திட்டம் போடுகிறவர்கள், காலையில் காடு, மாலையில் கோயில் என்று வைத்துக்கொண்டால் நல்லது. களவேலை விடியலிலேயே தொடங்கிவிடும். மெட்ரோ ரயில் போர்ட் லூயியிலிருந்து கியூர்பிப் வரைதான், அதற்கப்பால் பஸ். கிராமப் பக்கம் மாலையானால் பஸ் குறைந்துவிடும், ஞாயிறு இன்னும் மோசம். டாக்சி என்றால் திரும்பி வருவதற்கும் சேர்த்து முதலிலேயே விலை பேசுங்கள். மதியச் சாப்பாட்டுக்குத் தால் பூரி வாங்கிக்கொண்டு போனால் போதும், டிபன் பாக்ஸ் கையோடு இருக்கட்டும். பிளாஸ்டிக் பைக்கு இங்கே 2016 முதலே தடை.

கல்லூரியில் காட்டச் சான்றிதழ் கிடைக்குமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். சின்னக் குழுக்களிடம் அச்சடித்த சான்றிதழ் எல்லாம் இருக்காது. வேண்டுமென்றால் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். என்ன வேலை, எந்தத் தேதி, எத்தனை மணி நேரம் என்று நீங்களே ஒரு பக்கம் தட்டச்சு செய்து பென்டிரைவில் கொண்டுபோங்கள். வேலை முடிந்த அன்றே, மண்வெட்டியைக் கழுவி வைத்த கையோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து மின்னஞ்சல் போட்டால், பதில் போடவேண்டிய ஆள் அப்போது காட்டுக்குள் இருப்பார்.